புலி முகம் யாருக்கு?



பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடும்போது, சில வேளை ஒரு விநோதமான உருவம் திரையில் வருகிறது. உடம்பு மனித உடம்பு. தலை மட்டும் புலித்தலை. அது இரண்டு காலில் நிற்கிறது, சட்டை போடுகிறது, பேசுகிறது, வாள் பிடிக்கிறது. "இது என்ன பேயா, பூதமா? இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை ராத்திரியில் பயந்துகொள்ளாதா?" என்று பாட்டிமார் கேட்கிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களிடமும் பெற்றோர் இதைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இந்தப் புலி மனிதன் எங்கிருந்து வந்தான், எந்தெந்தக் காலத்தில் யார் யாருக்குப் புலி முகம் கொடுக்கப்பட்டது, அதனால் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். கைப்பேசிக்கு முன்பே இது மேசை விளையாட்டாகப் பிறந்தது. 1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டை உருவாக்கி வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்பவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். கூத்தில் வேடம் கட்டுவது போலத்தான். ஆனால் இங்கே அரிதாரம் இல்லை, வாய்ப்பேச்சே வேடம். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பகடை முடிவு செய்யும். நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம். இந்த விளையாட்டின் முக்கியமான பகடைக்கு இருபது முகம்.

கதையில் எதிரிகள் வேண்டுமல்லவா? அதற்காக உலகத்துப் பழங்கதைகளிலிருந்து பூதங்களையும் மிருகங்களையும் திரட்டினார்கள். 1974-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே ஓநாய் மனிதன், கரடி மனிதன், காட்டுப்பன்றி மனிதன் ஆகியோருடன் புலி மனிதனும் இடம்பெற்றான். பகலில் நம்மைப் போல நடமாடுவான், வேண்டும்போது புலியாகிவிடுவான். அவனிடம் பலத்த கடி பட்டுப் பிழைத்தவருக்கும் அந்தத் தன்மை நோய்போலத் தொற்றும் என்று பின்னர் வந்த விதிநூல் கூறியது.

அடுத்த ஆண்டே இன்னொரு புலி உருவத்துக்கு வழி திறந்தது. அதன் பெயரைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். "ராட்சசன்" என்ற நம் பெயரேதான் அது. 1974-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ராட்சசன் ஒருவன் வந்தான். யாரைக் கொல்ல வருகிறானோ அவர் மிகவும் நம்புகிற ஆளின் உருவில் எதிரே வந்து நிற்பான். மந்திரித்த அம்பு ஒன்றுக்குத்தான் அவன் சாவான். 1975-இல் இந்த விளையாட்டுக்குள் நுழைந்த ராட்சசனுக்கும் இதே இரண்டு குணங்கள் உண்டு. 1977-இல் வந்த பூதங்களின் விளக்க நூலில் டேவிட் டிராம்பியர் என்ற ஓவியர் அவனைப் படமாக வரைந்தார். புலித்தலை, சீமான்கள் வீட்டில் அணியும் மேலங்கி, கையில் சுங்கான். அன்று முதல் இன்றுவரை அந்த விளையாட்டின் ராட்சசனுக்குப் புலித்தலைதான் அடையாளம். பின்னாளில் அவன் உள்ளங்கைகளையும் பின்பக்கம் திரும்பியவையாக ஆக்கிவிட்டார்கள்.

நமக்குத் தெரிந்த ராட்சசர் இப்படியா இருக்கிறார்கள்? இராவணனுக்குப் பத்துத் தலை. அவற்றில் ஒன்றுகூடப் புலித்தலை இல்லை. ஆனாலும் புலிமுகம் நம் கதைக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. வால்மீகியின் சுந்தர காண்டத்தில், அசோகவனத்தில் சீதையைக் காவல் காத்த அரக்கியரை அனுமன் பார்க்கிறான். அவர்களில் பன்றி முகத்தவரும், எருமை முகத்தவரும், புலி முகத்தவரும் இருந்தார்கள் என்று காவியம் சொல்கிறது. அந்தப் பயங்கரமான கூட்டத்தின் நடுவே சீதைக்கு ஆறுதல் சொன்னவள் யார்? திரிசடை. அவளும் ஓர் அரக்கிதான். இராமனிடம் வந்து சேர்ந்த வீடணனும் அரக்கர் குலத்தவனே. முகத்தையும் குலத்தையும் பார்த்து மனத்தை அளக்கக்கூடாது என்பதை நம் காவியம் அந்த இடத்திலேயே சொல்லி வைத்திருக்கிறது. அமெரிக்காவுக்குப் போன ராட்சசன் இந்தப் பாதியை வழியிலே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

நம் சமயக் கதையில் இன்னும் நெருக்கமான ஒரு புலி மனிதர் இருக்கிறார். அவர் வியாக்கிரபாதர். தமிழில் புலிக்கால் முனிவர் என்போம். சிவபூசைக்கு வண்டு தொடாத மலர் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். விடிவதற்கு முன்பே மரம் ஏறவேண்டும். மரமோ பனியில் வழுக்கும். இருட்டில் கண்ணும் தெரியாது. ஆகவே இறைவனிடம் புலியின் காலும் நகமும் கண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது புராணம். சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்ற பழம்பெயர் அவரால் வந்தது. திருப்பாதிரிப்புலியூர், ஓமாம்புலியூர் போன்ற ஊர்களும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. நடராசர் படத்தை வீட்டில் வைத்திருப்பவர்கள் உற்றுப் பாருங்கள். சில படங்களில் காலடியில் இருவர் கும்பிட்டு நிற்பார்கள். பாம்பு உடல் கொண்டவர் பதஞ்சலி. புலிக்கால் கொண்டவர் வியாக்கிரபாதர். அவர் கேட்டது பூப்பறிக்கத்தான். அந்தப் புலிநகத்தால் எவருக்கும் ஒரு கீறல் இல்லை.

தமிழ்நாட்டை விட்டு இப்போது நம் பக்கத்துக்கே வருவோம். ஜெஞ்சாரோமிலிருந்து தெலுக் பங்ளிமா காராங் வழியாக மேற்கே போய்ப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற தோட்டக்காரர் பெயரால் வழங்கும் அந்தத் தீவில், முதலில் ரப்பரும் பிறகு செம்பனையும் வளர்த்த நம் மக்கள் பலர். ஆனால் அங்கே தோட்டம் வருவதற்கு முன்பிருந்தே வாழ்கிறவர்கள் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள். அவர்கள் மரச் சிற்பத்தில் பெயர் பெற்றவர்கள். தங்கள் முன்னோர் ஆவிகளை "மோயாங்" என்று சொல்வார்கள். ஆண்டுதோறும் மோயாங் திருநாளில் மரத்தில் செதுக்கிய முகமூடிகளை அணிந்து ஆடுவார்கள். முகமூடிக்கு எடை குறைந்த பூலாய் மரம். சிலைக்குச் சதுப்பு நிலத்தில் வளரும் நீரே பத்து என்ற கெட்டியான மரம்.

அந்தச் சிலைகளில் மிகவும் புகழ் பெற்றது "ஹரிமாவ் பெரந்தாய்", அதாவது சங்கிலிப் புலி. புலியின் உருவத்தோடு ஒரு சங்கிலி தொங்கும். ஒவ்வொரு வளையமும் தனியாக அசையும். பார்ப்பவர்கள் சங்கிலியைத் தனியாகச் செய்து மாட்டியிருப்பார்கள் என்று நினைப்பார்கள். ஒட்டு இல்லை, ஆணி இல்லை. புலியும் சங்கிலியும் ஒரே மரக்கட்டையிலிருந்து செதுக்கி எடுத்தவை. ஓர் உளி தவறினால் வளையம் உடைந்து, அத்தனை நாள் வேலையும் வீணாகிவிடும். புலி உலவிய காட்டருகே வாழ்ந்த மக்கள் அந்தப் புலியை இப்படி மரத்தில் கொண்டுவந்து, முன்னோர் வரிசையில் வைத்து மதிக்கிறார்கள்.

புலிக்கு இத்தகைய மதிப்பு மலாய்க்கார கம்பங்களிலும் இருந்தது. காட்டுக்குள் போனால் புலியின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "தோக் பெலாங்", அதாவது கோடு போட்ட தாத்தா என்பார்கள். நம் வீடுகளில் ராத்திரி நேரத்தில் பாம்பு என்று சொல்லாமல் "பூச்சி" என்று சொல்லும் வழக்கம் போன்றதே இது. பெயர் சொன்னால் வந்துவிடும் என்ற அச்சம் இருவருக்கும் ஒன்றுதான்.

அந்த அச்சத்தின் மறுபக்கம்தான் "ஹரிமாவ் ஜாடியான்". மலாயில் "ஜாடி" என்றால் ஆகு, மாறு என்று பொருள். ஹரிமாவ் ஜாடியான் என்றால் புலியாக மாறும் மனிதன். இது கடியால் தொற்றும் நோய் அன்று. பரம்பரையாக வரும், அல்லது குருவிடம் கற்கும் வித்தை என்று நம்பினார்கள். அப்படிப்பட்டவனுக்கு மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் நடுவிலுள்ள சிறு பள்ளம் இருக்காது என்றும் ஓர் அடையாளம் சொன்னார்கள்.

உலகத்தின் பல பகுதிகளில் இத்தகைய நம்பிக்கை உண்டு. எந்த ஊரில் எந்த மிருகம் ஆளை அடிக்குமோ, அந்த ஊரில் மனிதன் அந்த மிருகமாக மாறுவான். புலி இல்லாத ஐரோப்பாவில் ஓநாய். ஆப்பிரிக்காவில் சிறுத்தையும் கழுதைப்புலியும். இந்தியாவின் நாகர் மலையில், ஆள் குடிசையில் தூங்கிக்கொண்டிருக்க, அவன் உயிர் மட்டும் புலியின் அல்லது சிறுத்தையின் உடலில் புகுந்து காட்டில் திரியும் என்றார்கள்.

இதுவரை சொன்னவற்றைக் கதை என்று கேட்டு ரசிக்கலாம். அடுத்த கேள்வியில்தான் கவலைப்படவேண்டிய விஷயம் இருக்கிறது. "புலியாக மாறுகிறவன்" என்று ஊர் யாரைக் கைகாட்டியது?

மலாயாவில் கைகாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் கெரிஞ்சிக்காரர்கள். சுமத்ராவில் கெரிஞ்சி என்ற எரிமலை இருக்கிறது. 3805 மீட்டர் உயரம். அதைச் சுற்றிய மலைநாட்டு மக்கள் அவர்கள். கடல் தாண்டி வந்து, மூட்டை சுமந்து, ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்தார்கள். 1895-இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய நூலில், கெரிஞ்சி மக்கள் நினைத்தபோது புலியாக மாறுவார்கள் என்ற நம்பிக்கை மலாயாவில் எங்கும் பரவியிருந்ததாகக் குறித்துள்ளார். நம் தாத்தா பாட்டிமார் கப்பலிலிருந்து இறங்கிய துறைமுகத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருந்தார்கள். 1972-இல் அது கிள்ளான் துறைமுகம் ஆயிற்று.

1897-இல் ஹியூ கிளிபர்ட் என்ற இன்னோர் அதிகாரி வெளியிட்ட நூலில் பேராக் மாநிலத்தின் சிலிம் பகுதியில் வழங்கிய ஒரு கதை வருகிறது. கெரிஞ்சியிலிருந்து ஹாஜி அலி என்பவர் அங்கே வந்து குடியேறினார். உழைப்பாளி, வசதியானவர். உள்ளூர்ப் பெண்ணொருத்தியை மணந்துகொண்டார். சில நாளில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். இரவில் ஏணி வழியாக ஒரு புலி வீட்டுக்குள் ஏறியதாகவும், அதன் தலை மெல்ல மெல்லத் தன் கணவனின் தலையாக மாறியதாகவும் சொன்னாள். ஊர் நம்பியது.

இதை நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். அந்த மனிதர் வெளியூர். அவர் தாய் தகப்பன் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பேச்சில் வேறு வாடை. வந்த இடத்தில் நன்றாகப் பிழைக்கவும் செய்தார். மாடு காணாமற்போனால் யார்மேல் சந்தேகம் விழும்? "நான் புலி அல்ல" என்று ஒரு மனிதன் எப்படி நிரூபிப்பான்? உதட்டுப் பள்ளத்தைக் காட்டினாலும், "வித்தைக்காரன், அதையும் மறைத்துவிட்டான்" என்பார்கள்.

எத்தியோப்பியாவிலும் இதுவே நடந்தது. அங்கே இரும்படிக்கும் கொல்லரும் மண்பாண்டம் செய்பவரும் ராத்திரியில் கழுதைப்புலியாக மாறுவார்கள் என்று நம்பினார்கள். ஊருக்குக் கலப்பை முனை செய்து கொடுத்தவன் கொல்லன். ஊர் தண்ணீர் குடித்த பானை குயவன் செய்தது. அவர்கள் கைவேலை இல்லாமல் ஊர் ஒரு நாளும் நடக்காது. ஆனால் அவர்களைக் கிட்டே சேர்க்காமல் ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கி வைத்ததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மிருகக் கதை அந்தக் காரணத்தைக் கொடுத்தது.

"அதெல்லாம் படிப்பில்லாத பழைய காலம்" என்று நாம் நினைக்கலாம். 2018-ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு குடும்பம் தங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போயிற்று. அந்தக் குடும்பத்தோடு மலேசியாவிலிருந்து சென்ற உறவினரும் இருந்தார்கள். வழியில் நிறுத்தியபோது, காரில் இருந்த வயதான அம்மையார் அங்கே நின்ற பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக அந்த நாள்களில் கைப்பேசி வழியே வதந்தி பரவியிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. அந்த அம்மையாரை அடித்தே கொன்றார்கள். உடன் போனவர்களும் காயப்பட்டார்கள். சாமி கும்பிடப் போன ஒரு பாட்டிக்கு, கண்மூடித் திறப்பதற்குள் ஊர் ஒரு புலிமுகத்தை மாட்டிவிட்டது. கெரிஞ்சி வியாபாரிக்கு மாட்டிய அதே முகம்தான்.

நம் தோட்டங்களிலும் இன்று புதியவர்கள் இருக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டவும் சுமக்கவும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்திருக்கிறார்கள். முன்பு நம் சித்தப்பா, மாமா குடியிருந்த லயத்து வீடுகளில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு நமக்குப் புரிவதில்லை. சேவல் காணாமற்போனால், சைக்கிள் காணாமற்போனால், நம் கண் முதலில் எந்த வீட்டுப் பக்கம் திரும்புகிறது? சோறு உண்ண அடம்பிடிக்கும் குழந்தையிடம், "அதோ போகிறான் பார், அவனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று சிலர் சொல்கிறோம். சொல்பவருக்கு அது விளையாட்டு. குழந்தைக்கு அது விளையாட்டு அல்ல. அந்த ஆளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் புலிதான் தெரியும்.

நம் முன்னோரும் ஒரு நாள் இந்த மண்ணில் புதியவர்களாகத்தான் இறங்கினார்கள். ரஜூலா கப்பலில் தகரப் பெட்டியோடு வந்து நின்றபோது, இந்த ஊர்ப் பேச்சு அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் யார் என்று ஊருக்கும் தெரியாது. அந்த முதல் நாளில் யாரோ ஒருவர் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்திருப்பார். அப்படிக் கொடுத்தவர்களால்தான் நம் குடும்பங்கள் இங்கே வேர் பிடித்தன.

இனிப் பாட்டிமார் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். பிள்ளைகளின் விளையாட்டில் வரும் புலி மனிதனைக் கண்டு நாம் பயப்படவேண்டியதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்த எல்லாருக்கும் அது வேடம் என்று தெரியும். விளையாட்டு முடிந்ததும் தாளை மடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மா மெரி ஆட்டக்காரரும் ஆட்டம் முடிந்ததும் முகமூடியைக் கழற்றி மாட்டிவிடுவார். ஆனால் ஊர் ஒருவருக்கு மாட்டிய புலிமுகத்தை அவர் தாமாகக் கழற்ற முடியாது. மாட்டியவர்கள்தான் கழற்றவேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, விளையாட்டைப் பிடுங்கிப் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, "நீ யார் வேடம்? அந்தப் புலித்தலைக்காரன் ஏன் கெட்டவன்?" என்று கேளுங்கள். பிள்ளை ஆசையோடு சொல்லும். விளையாட்டு நேரத்துக்கு ஓர் அளவு வைப்பதும், பாடம் முடித்தபின் விளையாடச் சொல்வதும் உங்கள் கையில். பிறகு உங்கள் பங்குக்குத் திரிசடை கதையையும் புலிக்கால் முனிவர் கதையையும் சொல்லுங்கள். புலிமுகம் இருந்தால் கெட்டவன் என்ற ஒரே பாடத்தோடு பிள்ளை நின்றுவிடாது.

நிஜப் புலியின் நிலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1950-களில் இந்தத் தீபகற்பத்தில் ஏறக்குறைய 3000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில், 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பது தெரியவந்தது. காடு சுருங்கியது, கண்ணி வைத்துப் பிடித்தார்கள், அதற்கு இரையாகும் மானும் குறைந்தது. நம் நாட்டுச் சின்னத்தில் இருபுறமும் நிற்பவை புலிகள்தாம். மனிதன் புலியாவான் என்று அஞ்சி நடுங்கிய இந்த நாட்டில், இன்று மனிதனுக்கு அஞ்சி மறைந்துகொண்டிருப்பது புலி.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கேரித் தீவுக்குப் போய் அந்தச் சங்கிலிப் புலியைப் பார்த்து வாருங்கள். செதுக்குகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அதற்கும் முன்னதாக, நாளைக் காலை வேலைக்குப் போகும்போது, அடுத்த லயத்தில் புதிதாகக் குடிவந்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரிந்த ஆளுக்குப் புலிமுகம் மாட்டுவது அவ்வளவு எளிதன்று.